தேறும் உடலும் தேடும் உறவும்

சத்திரசிகிச்சை முடிந்து வீடு வந்த ஒருவரைச் சுற்றத்தார் சென்று பார்ப்பது நம்மவரிடையே தொன்றுதொட்டு வரும் வழக்கம். இளநீரும் தோடம்பழமும் நெஸ்டமோல்ட் தகரமும் ஏந்தியவராய் மாலை வேளைகளில் படலையைத் திறந்துகொண்டு அவர்கள் வருவர். வராவிடின் அது குறையாகும். அக்குறை அடுத்த கலியாண வீடுவரை பேசப்படும். இவ்வழக்கத்தின் நன்மை தீமைகளை யாவரும் அறிவர். நாம் இங்கே எடுத்துக்கொள்வது அதன் மறுபக்கம். காயம் ஆறிவரும் அந்தச் சில கிழமைகளில் நோயாளி தாமே எழுந்து உற்றாரையும் நண்பரையும் காணச் செல்லுதல் தகுமா? தகுமாயின் எப்பொழுது, எவ்வளவு தூரம், யாரிடம்?

தகும் என்பதே நமது துணிபு. அதற்குரிய முதற் காரணம் மிக எளியது. பார்க்க வந்தவரை எழுந்து போகச் சொல்ல நோயாளியால் ஆகாது. பார்க்கச் சென்றவரோ களைத்தவுடன் எழுந்து வந்துவிடலாம். வீட்டிற் படுத்திருப்பவர் வருவோரின் வசதிக்கு ஆட்பட்டவர். ஐந்து மணிக்கு வந்த பெரியப்பா ஏழு மணிக்கும் இருப்பார். அவர் போகுமுன் அயலவர் இருவர் வருவர். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் உள்ள உறவினரோ காணொளி அழைப்பில் வந்து, காயத்தைக் காட்டும்படி கேட்பர்! தாமே புறப்பட்டுச் செல்பவருக்கு இத்தொல்லை இல்லை. செல்லும் வீட்டையும் வேளையையும் திரும்பும் நேரத்தையும் அவரே தீர்மானிக்கிறார்.

வீட்டுத் தலைவியே நோயாளியாகும்போது இவ்வேறுபாடு மேலும் புலப்படும். கருப்பையை அகற்றும் சத்திரசிகிச்சை செய்து பத்து நாளும் ஆகாத நிலையில், வந்தவருக்குத் தேநீர் ஊற்றுவதற்காக அடுப்படிக்கு எழுந்து போகும் தாய்மார் நம் ஊரில் எத்தனை பேர்! "நீ இரு பிள்ளை, எனக்கொண்டும் வேண்டாம்" என்று மாமி சொல்லத்தான் சொல்வார். ஆயினும் எழாமல் இருக்க அப்பெண்ணின் மனம் இடந்தராது. தன் வீட்டில் அவளால் நோயாளியாக இருக்க முடிவதில்லை. பானை எங்கே, சீனி எங்கே என்று அரை மணிக்கொரு தரம் அவளையே கேட்பர். அவளே தமக்கையின் வீட்டிலோ தாய் வீட்டிலோ சென்றிருந்தால் அடுப்பு அவளுடையதன்று. மகப்பேற்றுக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வந்த நம் முன்னோர் இதனை நன்கு உணர்ந்தே செய்தனர். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுத்த அந்த உரிமையை வயிற்றைக் கீறித் தைத்தவளுக்கும் கொடுப்பதில் என்ன தடை? கணவன்மார் இரண்டு கிழமைக்குச் சோறாக்கப் பழகவேண்டி வரும் என்பதைத் தவிர வேறு தடை நமக்குத் தோன்றவில்லை.

இனி, உடலின் பக்கத்தைப் பார்ப்போம். மேனாட்டுச் சத்திர வைத்தியம் யாழ்ப்பாணத்துக்குப் புதிதன்று. 1847 இல் இங்கு வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் தமிழிலேயே வைத்தியம் கற்பித்தவர். 1867 இல் "இரண வைத்தியம்" என்ற நூலைத் தமிழில் வெளிப்படுத்தியவர். அக்காலத்திலும் அதற்குப் பின் நெடுங்காலமும் சத்திரசிகிச்சை பெற்றவரை அசையாமற் படுக்கவைப்பதே உலகெங்கும் முறையாயிருந்தது. எழுந்தாற் தையல் பிரியும் என்ற அச்சம் வைத்தியருக்கே இருந்தது. 1899 இல் சிக்காகோ நகர வைத்தியர் எமில் றீஸ் என்பவர் வயிற்றுச் சத்திரசிகிச்சை பெற்றோரை ஓரிரு நாளில் எழுப்பிவிடலாம் என்று எழுதியபோது அதனைச் செவிமடுத்தோர் சிலரே. இரண்டாம் உலகப் போரில் வைத்தியசாலைக் கட்டில்கள் போதாமற் போனதும், 1946 இல் டெற்றோயிற் நகரத்து டானியல் லைத்தவுசர் இதனைப் பற்றித் தனி நூலொன்று வெளியிட்டதும் சேர்ந்தே கருத்தை மாற்றின. படுத்தே கிடப்பவரின் கால் நாளங்களில் இரத்தம் உறைந்து, அவ்வுறைகட்டி நுரையீரலுக்குச் சென்று உயிரைப் பறிக்கக்கூடும், நெஞ்சிற் சளி தங்கும், மலம் இறுகும், தசை மெலியும். ஆதலால் இன்று சத்திரசிகிச்சையான அன்றோ மறுநாளோ தாதியர் நோயாளியைக் கைபிடித்து எழுப்பிவிடுகின்றனர். பித்தப்பையைச் சிறு துளைகளின் வழியே அகற்றும் முறை 1980களின் பிற்பகுதியிற் பரவியபின், முன்னர் ஒரு கிழமைக்கு மேல் வைத்தியசாலையில் இருந்தவர் மறுநாளே வீடு வந்துவிடுகிறார். முன்பு தாதியரின் கண்ணெதிரே கழிந்த தேறும் காலம் இப்பொழுது நம் வீட்டு விறாந்தையிலும் ஒழுங்கையிலுமே கழிகிறது. நடக்கச் சொல்லி வைத்தியர் அனுப்புகிறார். எங்கே நடப்பது என்று வீட்டார் திகைக்கின்றனர். நான்கு வீடு தள்ளியிருக்கும் சிநேகிதரின் வீட்டைக் காட்டிலும் நல்ல இலக்கு அதற்கு வேறு யாது?

ஆயினும் வெளித்தோற்றத்தைக் கண்டு ஏமாறுதல் கூடாது. தையல் எடுத்ததும் காயம் ஆறிவிட்டதாகவே நாம் கருதுகிறோம். தோலின் மேல் ஒட்டியிருப்பது ஒன்று, உள்ளே பலங்கொள்வது மற்றொன்று. மூன்று கிழமையான காயத்துக்குப் பழைய தோலின் பலத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே இருக்கும்; மூன்று மாதமானபின்னும் அது 80 வீதமளவிலேயே நிற்கும். வயிற்றில் பெரிய சத்திரசிகிச்சை செய்தவர் ஆறு கிழமைக்குப் பாரந் தூக்கலாகாது என்று வைத்தியர் சொல்வது இதனாலேயே. அதனை மீறினால் உள்தசை விலகிக் குடல் பிதுங்க இடமுண்டு. கிணற்றடியில் நிறைந்த வாளி என்றால் நாமே எச்சரிக்கையாயிருப்போம். பத்து லீற்றர் தண்ணீர் பத்துக் கிலோ அன்றோ! ஆனால், போன வீட்டில் ஒரு வயதுப் பேரப்பிள்ளை கைகளை நீட்டிக்கொண்டு தவழ்ந்து வரும்போது அதுவும் அதேயளவு நிறை என்பது நினைவுக்கு வருவதில்லை. அமர்ந்த பின்னர் பிள்ளையை மடியிற் கொண்டுவந்து வைக்கச் சொல்லலாம். இருதய சத்திரசிகிச்சைக்காக நெஞ்செலும்பைப் பிளந்து சேர்த்தவர் இன்னும் கூடுதலாகக் காத்திருத்தல் வேண்டும். எலும்பு பொருந்த இரண்டு மூன்று மாதம் செல்லும். அதுவரை கதிரையிற் கையூன்றி உந்தி எழுதலும் அவருக்கு ஆகாது.

போகும் வழியைப் பற்றியும் சொல்லவேண்டும். முதல் நாட்களில் கூப்பிடு தூரமே எல்லை. வெயில் ஏறுமுன் காலையிலோ, நான்கு மணிக்குப் பின்னரோ, துணைக்கு ஒருவருடன் செல்லுதல் நன்று. மோட்டார்ச் சைக்கிளின் பின்னிருக்கையில் ஏறிச் செல்வது நம்மூரில் பெருவழக்கு. வயிற்றுக் காயக்காரர் அதனை ஒரு மாதமாவது மறந்திருப்பது உத்தமம். குழிவிழுந்த வீதியில் முச்சக்கரவண்டியும் அதற்கு இளைத்ததன்று. ஏறத்தான் வேண்டுமாயின் ஒரு சிறு தலையணையைக் கொண்டுபோய் வயிற்றோடு அணைத்துப் பிடித்தால் அதிர்ச்சி குறையும். இருமும்போதும் தும்மும்போதும் அதே தலையணை உதவும். கொழும்பிலே சிகிச்சை பெற்று வடக்கே திரும்புவோர் அநேகர். 2014 ஒக்டோபரில் புகையிரதம் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தபின் அவர்களுக்கு ஒரு வசதி உண்டு. பெட்டிக்குள் எழுந்து நிற்கவும் சிறிது நடக்கவும் இயலும். பேருந்தில் ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தூரத்தைக் காலைத் தொங்கவிட்டபடி கடப்பவருக்கே இரத்தம் உறையும் ஆபத்து மிகுதி. வவுனியாவில் வண்டி நிற்கும்போது சோம்பாமல் இறங்கி நடக்கவேண்டும். ஒரு காலின் கெண்டைச்சதை மட்டும் வீங்கி நொந்தாலோ, திடீரென மூச்சு முட்டினாலோ, காயம் சிவந்து சீழ் கொண்டாலோ, காய்ச்சல் கண்டாலோ உறவினர் வீட்டுப் பயணத்தை விடுத்து வைத்தியசாலைக்கே திரும்பவேண்டும்.

வரவேற்கும் வீட்டாரின் கடமைகளிலே நாம் முதலில் வைப்பது கதிரையை. மரியாதை காரணமாக நம்மவர் சாய்மனைக் கதிரையை இழுத்துப் போடுவர். அதிலே சாய்வது சுகம். எழுவதோ வயிற்றைக் கீறியவருக்கு நரகவேதனை. இடுப்பு மூட்டையோ முழங்கால் மூட்டையோ மாற்றிவைத்தவருக்கு அத்தகைய தாழ்ந்த இருக்கை ஆபத்தும் ஆகும். உயர்ந்த, கையுள்ள, கட்டான மரக் கதிரையே ஏற்றது. குந்தியிருக்கும் மலசலகூடம் மட்டுமே உள்ள வீட்டில் அவர் நெடுநேரம் தங்க இயலாது என்பதையும், அதனை அவர் வாய்விட்டுச் சொல்லமாட்டார் என்பதையும் வீட்டார் எண்ணிப் பார்க்கவேண்டும்.

கதிரையை எங்கே போடுவது? தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னே வேண்டாம். முற்றத்து வேம்பும் பூமரமும் தெரியும்படி விறாந்தையிற் போடுங்கள். 1984 இல் அமெரிக்கரான றொஜர் உல்றிச் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார். பென்சில்வேனியாவில் ஒரு வைத்தியசாலையில் பித்தப்பை அகற்றப்பட்ட 46 பேரின் பதிவேடுகளை அவர் ஒப்புநோக்கினார். யன்னலுக்கு வெளியே மரங்களைக் கண்டோர் 23 பேர். செங்கற் சுவரைக் கண்டோர் 23 பேர். மரங்களைக் கண்டவர் சற்று விரைவாக வீடு சென்றனர்; கடுமையான நோக்கொல்லி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. 46 பேரைக் கொண்டு உலகத்துக்கு விதி வகுத்தல் இயலாது என்பது உண்மையே. ஆயினும் மர நிழலுக்குப் பணம் கொடுக்கவேண்டியதில்லை.

உணவைப் பற்றி நம் வீடுகளில் இரு கட்சிகள் உண்டு. ஒரு கட்சி திணிக்கும், மற்றது விலக்கும். திணிப்பவர் வடையும் பலகாரமும் அடுக்குவர். விலக்குபவரோ கிரந்தி என்று சொல்லி முட்டை, மீன், கத்தரிக்காய், அன்னாசி யாவற்றையும் தள்ளிவிட்டு, கஞ்சியோடு நோயாளியை நிறுத்துவர். ஒவ்வாமை உள்ளவருக்கு விலக்கு நியாயமே, எல்லோருக்கும் அன்று. காயம் ஆறப் புரதம் வேண்டும். மச்சம் உண்போருக்கு மீனும் முட்டையும், சைவர்க்குப் பயறும் பருப்பும் பாலும் அதனைத் தரும். உயிர்ச்சத்து "சி" யின் இன்றியமையாமையை ஜோன் குரண்டன் என்ற பொஸ்டன் நகரத்து இளம் வைத்தியர் 1939 இல் தம் உடம்பிலேயே நிறுவினார். அச்சத்து இல்லாத உணவையே மாதக்கணக்கில் உண்டு, தம் முதுகிற் காயம் செய்வித்துப் பார்த்தார். மூன்றாம் மாதத்துக் காயம் ஆறியது. ஆறாம் மாதத்தது ஆறவில்லை. சத்தை ஏற்றியபின் அதுவும் ஆறியது. நமக்கோ நெல்லிக்காயும் கொய்யாவும் தேசிக்காயும் வளவிலேயே உண்டு. ஒரு குவளை தேசிக்காய்த் தண்ணீரும் ஒரு துண்டு பப்பாசியும் போதுமான உபசாரம். பப்பாசி மலச்சிக்கலுக்கும் உதவும். வலிமருந்து உண்பவருக்கு அது சிறிய துன்பமன்று.

எல்லாவற்றினும் அஞ்சத்தக்கது வீட்டாரின் வாய். "என்ன இப்பிடி மெலிஞ்சு போனாய்!" என்று தொடங்கி, இதே சத்திரசிகிச்சை செய்து இறந்துபோன ஒருவரின் கதையில் முடிப்பார்கள். பிளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1859 இல் எழுதிய தாதிமைக் குறிப்புகளில், நோயாளியிடம் வீண் நம்பிக்கையும் வேண்டாத புத்திமதியும் பேசுவோரைக் கண்டிப்பதற்கென்றே ஓர் அதிகாரத்தை ஒதுக்கியுள்ளார். நோயாளி தலையைத் திருப்பாமற் காணக்கூடிய இடத்தில் அமர்ந்து பேசவேண்டும் என்றும் அவர் கூறுகிறார். நூற்றறுபது ஆண்டுகளின் பின்னும் நம் மாமிமார்க்கு அவ்வதிகாரம் பொருந்துகிறது. விளைச்சலைப் பற்றிப் பேசுங்கள். பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசுங்கள். அரை மணியில் அவர் எழுந்தால் மறிக்காதீர்கள்.

போகத் தகாத இடங்களும் உண்டு. தடிமனோ அம்மாள் வருத்தமோ உள்ள வீட்டுக்கு அந்நாட்களிற் செல்லலாகாது. செத்தவீட்டுக்குப் போகாவிடின் பழி வரும் என்றஞ்சிக் காயத்தோடு மணிக்கணக்காக நிற்பவர் உளர். எட்டுச் செலவு கழிந்தபின் ஆறுதலாகச் சென்று துக்கம் விசாரித்தால் யாரும் குறைகூறார். நல்லூர்த் திருவிழாவிலே பிரதட்டை செய்வதாக நேர்ந்தவர் அதனை அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்ளலாம். முருகன் கணக்கு வைத்திருப்பான்.

யாரிடம் செல்வது என்ற வினா எஞ்சியுள்ளது. நமக்கு அறிமுகமான ஓய்வுபெற்ற உத்தியோகத்தர் ஒருவர், குடலிறக்கத்துக்குச் சத்திரசிகிச்சை பெற்றுப் பன்னிரண்டாம் நாள், இரண்டு ஒழுங்கை தள்ளியுள்ள தமையனாரின் வீட்டுக்கு நடந்து சென்றார். எல்லை வேலியின் பொருட்டு ஒன்பது ஆண்டுகள் இருவர்க்கும் பேச்சில்லை. நன்மை தின்மையும் இல்லை. தமையனாரும் தம்பியைப் பார்க்க வைத்தியசாலைக்கு வரவில்லை. வர மனமிருந்தது, வாசல்வரை வந்து திரும்பினார் என்று பின்னர் தெரிந்தது. நோயாளி வீட்டிலே எத்தனை பேர் கூடியிருப்பர், அவர்கள் முன்னே எப்படி நுழைவது என்ற கூச்சமே அவரைத் தடுத்தது. தம்பி சென்றபோதோ அங்கே அண்ணியாரைத் தவிர வேறெவருமில்லை. அண்ணியார் உயரமான கதிரையொன்றைக் கொண்டுவந்து வைத்தார். "எத்தினை தையல்?" என்று தமையனார் கேட்டார். இருபது நிமிடமும் காயத்தைப் பற்றியும் அந்த ஆண்டு மழையைப் பற்றியுமே பேசினர். வேலியைப் பற்றிப் பேசவில்லை. எழுந்தபோது தமையனார் படலைவரை வந்து, ஒழுங்கையிற் பள்ளமான இடத்திலே தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டார். மறுநாட் காலையில் அந்த வீட்டிலிருந்து இரண்டு சுண்டு பயறு வந்தது. வேலி இன்றும் அதே இடத்திலேதான் நிற்கிறது.