குரல் மாறிய பூக்காரி

லண்டன் தெருவில் பூ விற்கும் எலைசாவின் கொச்சைப் பேச்சைத் திருத்தி, அவளைச் சீமாட்டியாகவே காட்டிவிடலாம் என்று ஒலியியல் பேராசிரியர் ஹிக்கின்ஸ் பந்தயம் கட்டுவதே பெர்னார்ட் ஷாவின் ‘பிக்மேலியன்’ நாடகத்தின் கதை. அதனை இசைநாடகமாக, அதாவது உரையாடலும் பாட்டும் நடனமும் சேர்ந்தே கதையை நகர்த்தும் வடிவமாக மாற்ற ஷா தம் வாழ்நாளில் இசையவில்லை. அவர் மறைந்தபின், ஆலன் ஜே லெர்னர் உரையாடலும் பாடல்களும் எழுத, ஃபிரடெரிக் லோ இசையமைக்க, 1956 மார்ச் 15 அன்று நியூயார்க்கின் பிராட்வேயில் தொடங்கிய ‘மை ஃபேர் லேடி’ 2,717 முறை நடைபெற்றது.

ஜார்ஜ் கியூகர் இயக்கிய 1964ஆம் ஆண்டுத் திரைப்படத்தில், மேடையில் எலைசாவாகப் புகழ்பெற்ற ஜூலி ஆண்ட்ரூஸுக்குப் பதிலாக, திரையுலகில் நன்கறியப்பட்ட ஆட்ரி ஹெப்பர்ன் நடித்தார். அவர் முயன்று பயின்றும், பெரும்பாலான பாடல்களை மார்னி நிக்சன் பாட நேர்ந்தது. பின்னணிப் பாடகரைக் கொண்டாடிப் பழகிய தமிழ் ரசிகருக்கு, நிக்சனின் பெயர் படத்தில் இடம்பெறாதது விந்தையாகவே தோன்றும். ஹிக்கின்ஸாக நடித்த ரெக்ஸ் ஹாரிசனோ, பாடலைப் பாதி பேச்சாகவே நிகழ்த்துபவர். முன்பே பதிவுசெய்த பாட்டுக்கு உதடசைப்பது அவர் பாணிக்கு ஒவ்வாததால், கழுத்துப்பட்டியில் மறைத்த கம்பியில்லா ஒலிவாங்கி வழியே அவர் குரல் படப்பிடிப்பிலேயே பதிவாயிற்று. படத்தின் உயிர்ப்பான பகுதிகளும் அப்படிப் பதிவான பாடல்களே.

படம் 8 ஆஸ்கர் விருதுகளைப் பெற்றது. ஹெப்பர்னின் பெயர் பரிந்துரையில்கூட இல்லை. சிறந்த நடிகை விருது, ‘மேரி பாப்பின்ஸ்’ படத்துக்காக ஜூலி ஆண்ட்ரூஸுக்கே கிடைத்தது.