உங்களுக்குத் தெரியுமா? கொல்லிமலை ஏறும் காருக்கு டர்போவா, சூப்பர்சார்ஜரா?

● காரவள்ளி அடிவாரத்தில் தொடங்கும் கொல்லிமலைச் சாலையில் மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் வண்டி நிற்கிற வேகத்துக்கு வந்து, திரும்பிய கையோடு செங்குத்தாக ஏற வேண்டும். தினமும் ஓட்டும் காருக்கு டர்போ நல்லதா, சூப்பர்சார்ஜர் நல்லதா என்ற கேள்விக்கு நேரில் விடை தெரிய வேண்டுமானால், தமிழ்நாட்டில் இதைவிட நல்ல சாலை கிடையாது.

● இரண்டும் செய்வது ஒரே வேலைதான்: எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிப்பது. காற்று கூடினால் கூடவே எரிபொருளையும் கூட்டலாம், இழுவை ஏறும். சூப்பர்சார்ஜரைச் சுற்றுவது எஞ்சினின் கிராங்க், பெரும்பாலும் ஒரு பெல்ட் வழியாக. டர்போவைச் சுற்றுவது, சைலன்சர் வழியே வீணாக வெளியேறப் போகும் புகை.

● கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டர் ஏறினால் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். கொல்லிமலை ஊர்கள் பெரும்பாலும் அந்த உயரத்திலோ அதற்கு மேலோதான் இருக்கின்றன. நாமக்கல்லில் நன்றாக இழுத்த சாதாரண பெட்ரோல் கார் மலைமேல் உள்ள செம்மேட்டில் சற்றுச் சோர்வதற்கு இதுதான் காரணம். எஞ்சினில் கோளாறு என்று மெக்கானிக்கைத் தேட வேண்டியதில்லை.

● இந்த மலைக்குறையைத் தீர்க்கத்தான் டர்போ முதலில் பெயர் வாங்கியது. 1918-இல், ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனப் பொறியாளர் சான்ஃபோர்டு மாஸ், லிபர்ட்டி விமான எஞ்சின் ஒன்றை லாரியில் ஏற்றி அமெரிக்காவின் பைக்ஸ் பீக் மலை உச்சிக்குக் கொண்டுபோனார். உயரம் சுமார் 4,300 மீட்டர். தரையில் ஏறத்தாழ 350 குதிரைத்திறன் தந்த எஞ்சின், உச்சியில் 230-க்கு இறங்கிவிட்டது. டர்போவை இணைத்ததும் 356! விமானம் பறக்காமலேயே, விமானத்துக்கான சோதனையை ஒரு மலை முடித்துக் கொடுத்தது.

● சூப்பர்சார்ஜருக்கு இந்தச் சாமர்த்தியம் குறைவு. அதன் சுற்று எஞ்சின் சுற்றோடு கட்டுண்டது. மெலிந்த காற்று கிடைத்தால் மெலிந்த காற்றையே அதே வீதத்தில் தள்ளும். டர்போ அப்படியல்ல, தேவைப்பட்டால் இன்னும் வேகமாகச் சுழன்று குறையை ஈடுகட்டும்.

● சூப்பர்சார்ஜரின் உறவுக்காரர் ஒருவர் நாமக்கல் மாவட்டத்திலேயே இருக்கிறார். திருச்செங்கோட்டிலிருந்து நாடெங்கும் போகும் போர்வெல் ரிக் வண்டிகளைப் பாருங்கள். அவற்றில் உறுமும் ஸ்க்ரூ கம்ப்ரசருக்குள் இரண்டு திருகு உருளைகள் ஒன்றோடொன்று பின்னிச் சுழன்று காற்றை நெருக்குகின்றன. 1930-களில் ஸ்வீடன் பொறியாளர் ஆல்ஃப் லிஸ்ஹோம் வளர்த்தெடுத்த அமைப்பு இது. இதே அமைப்பில்தான் திருகு வகை சூப்பர்சார்ஜரும் இயங்குகிறது.

● வயதில் மூத்தது சூப்பர்சார்ஜர். அமெரிக்காவின் ரூட்ஸ் சகோதரர்கள் தங்கள் காற்றூதிக்கு 1860-இலேயே காப்புரிமை வாங்கிவிட்டார்கள். அன்று அது கார் எஞ்சினுக்கானது அல்ல. உலைக்குக் காற்று ஊதத்தான் பயன்பட்டது. டர்போ, சுவிட்சர்லாந்தின் ஆல்ஃப்ரெட் பூக்கியின் 1905 காப்புரிமை. டர்போ வைத்த கார்கள் கடைக்கு வர 1962 ஆயிற்று.

● டர்போவின் பலவீனம் கொண்டை ஊசி வளைவில்தான் தெரியும். வளைவுக்காக ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கிறோம், எஞ்சின் சுற்று நிமிடத்துக்கு 1,200-க்கு இறங்குகிறது, புகை மெலிகிறது, டர்போ தளர்கிறது. திரும்பி முடித்து மறுபடி மிதித்தால் ஓரிரு நொடிக்கு ஒன்றும் நடக்காது. பிறகு திடீரென்று இழுக்கும். இதைத்தான் டர்போ லேக் என்கிறார்கள். பழைய ஸ்விஃப்ட் டீசலை மலையில் ஓட்டியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அந்த 1.3 லிட்டர் எஞ்சினின் முழு இழுவையான 190 நியூட்டன் மீட்டர் 2,000 சுற்றில்தான் கிடைக்கும். அதற்குக் கீழே வண்டி திணறும். தீர்வு எளிது: வளைவுக்கு முன்பே முதல் கியருக்கு இறங்கிவிடுங்கள்.

● சூப்பர்சார்ஜர் காரில் இந்தத் தவிப்பே இல்லை. மிதித்த கணமே இழுக்கும். கொல்லிமலை வளைவுகளுக்கு அதன் குணம் அவ்வளவு பொருத்தம். ஆனால் தன்னைச் சுற்ற எஞ்சினிடமிருந்தே சக்தியை எடுத்துக்கொள்கிறது. அது பெட்ரோல் செலவில் தெரியும். இந்தியாவில் ஜாகுவார், ரேஞ்ச் ரோவர் போன்ற விலையுயர்ந்த கார்களில்தான் அதைப் பார்த்தோம். மைலேஜ் கேட்டு வாங்கும் சந்தையில் டர்போ வென்றது நியாயமான வெற்றி.

● இரண்டையும் ஒரே எஞ்சினில் வைத்தவர்களும் உண்டு. 2005-இல் ஃபோக்ஸ்வேகன் கொண்டுவந்த 1.4 லிட்டர் எஞ்சினில் குறைந்த சுற்றில் சூப்பர்சார்ஜர், உயர்ந்த சுற்றில் டர்போ. அருமையான ஏற்பாடு, ஆனால் செலவும் சிக்கலும் அதிகம். பின்னாளில் அதைக் கைவிட்டார்கள்.

● டர்போ கார் வாங்கப் போகிறீர்களா? குதிரைத்திறனைவிட, முழு இழுவை எந்தச் சுற்றில் தொடங்குகிறது என்று பாருங்கள். உதாரணமாக, ஹூண்டாய் வென்யூவின் 1.0 லிட்டர் டர்போ 172 நியூட்டன் மீட்டரை 1,500 சுற்றிலேயே தருகிறது. மலைக்காரருக்கு விளம்பரத்தில் படிக்கத் தகுந்த எண் அதுதான்.

● டர்போவின் சுழலி நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றைச் சாதாரணமாகத் தாண்டும். அதன் தண்டு எண்ணெய்ப் படலத்தில் மிதந்தபடி சுழல்கிறது. மலை ஏறி முடித்த உடனே எஞ்சினை அணைத்தால் எண்ணெய் ஓட்டம் நின்று, சூட்டில் அந்த எண்ணெய் கருகும். செம்மேட்டில் நிறுத்தியதும் ஒரு நிமிடம் ஐடிலில் விடுவது நல்ல பழக்கம். எஞ்சின் ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போடவே கூடாது.

● வெளியில் டர்போ கிட் வாங்கிப் பொருத்தலாமா? வேண்டாம். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அமைப்பை உரிமையாளர் மாற்றுவதைத் தடுக்கிறது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தப்படி ஆறு மாதம் வரை சிறையோ, ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதமோ கிடைக்கலாம். தொழிற்சாலையில் பொருத்தி வந்ததே போதும்.

● இறங்கும்போது டர்போ உதவாது! எஞ்சின் பிரேக்கிங் பெரும்பாலும் எஞ்சினின் கொள்ளளவைப் பொறுத்தது. 1.0 லிட்டர் டர்போ கார், சம இழுவை தரும் டர்போ இல்லாத பெரிய எஞ்சினைவிடக் குறைவாகவே வண்டியைப் பிடித்து நிறுத்தும். சோளக்காட்டிலிருந்து கீழே திரும்பும்போது ஏறின கியரிலேயே, தேவைப்பட்டால் அதற்கும் ஒன்று குறைத்து இறங்குங்கள். பிரேக்கை விட்டு விட்டு மிதியுங்கள். ஏறி வரும் பேருந்துக்கு வளைவில் வழிவிடுங்கள்.