மேம்படுத்தப்பட்ட புஜித்தா அளவுகோல்

டொர்னாடோ எனப்படும் சுழற்காற்றின் வலிமையை, அது விட்டுச்சென்ற சேதத்தைப் பார்த்து மதிப்பிடும் முறையே மேம்படுத்தப்பட்ட புஜித்தா அளவுகோல் ஆகும். இது இஎஃப்-0 முதல் இஎஃப்-5 வரை ஆறு படிகளைக் கொண்டது. ஒவ்வொரு படிக்கும் ஒரு காற்று வேகம் தரப்பட்டிருப்பதால் இது காற்றை அளக்கும் அளவுகோல் என்றே பலரும் எண்ணுகின்றனர். ஆனால் அந்த வேகம் அளக்கப்பட்டதன்று. இடிந்த சுவரையும் முறிந்த மரத்தையும் கொண்டு பின்னர் கணிக்கப்படுவது. நிலநடுக்கத்தோடு ஒப்பிட்டால், இது ரிக்டர் அளவைவிட மெர்காலி அளவுக்கே நெருக்கமானது.

காற்றை நேரடியாக அளப்பது எளிதன்று. பெரும்பாலான டொர்னாடோக்கள் சில நூறு மீட்டர் அகலமே உடையவை. சில நிமிடங்களில் மறைந்துவிடும். அவை ஒரு காற்றுவேகமானியின் மேல் செல்வது அரிது. அப்படியே சென்றாலும் கருவி தப்புவதில்லை. தொலைவிலுள்ள டாப்ளர் ரேடாரின் அலைக்கற்றையோ, புவியின் வளைவு காரணமாக, நிலத்திலிருந்து உயரத்தில் உள்ள காற்றையே காண்கிறது. எனவே புயல் ஓய்ந்தபின் வானிலையாளர்கள் அதன் தடத்தில் நடந்து சென்று தடயங்களைத் திரட்டுகின்றனர்.

தோற்றம்

இம்முறையை 1971-இல் உருவாக்கியவர் சிகாகோ பல்கலைக்கழகப் பேராசிரியர் டெட்சுயா தியோடோர் புஜித்தா. ஜப்பானில் 1920-இல் பிறந்த இவர், 1945-இல் அணுகுண்டு வீசப்பட்ட நாகசாகி, ஹிரோஷிமா நகரங்களுக்குச் சில வாரங்களில் சென்று, மரங்கள் எரிந்தும் சாய்ந்தும் கிடந்த திசைகளை ஆராய்ந்தவர். நாகசாகியில் விழுந்த குண்டுக்கு முதலில் குறிக்கப்பட்டிருந்த இலக்கு, அவர் அப்போது கற்பித்து வந்த கல்லூரிக்கு அருகிலிருந்த கொகுரா. சேதத்தின் அமைப்பைக் கொண்டு அதை விளைவித்த விசையை அறியலாம் என்ற அணுகுமுறையை அவர் பிற்காலத்தில் புயல்களுக்கும் பயன்படுத்தினார்.

அவருடைய முதல் அளவுகோலில் எஃப்-5 மணிக்கு சுமார் 420 கி.மீ. வேகத்தில் தொடங்கியது. இந்த எண்கள் கட்டடங்களைக் கொண்டு சோதிக்கப்பட்டவை அல்ல. அதைவிடக் குறைந்த காற்றிலேயே வீடுகள் அடியோடு அழிந்துவிடும் என்பதைப் பொறியாளர்கள் பின்னர் காட்டினர். டெக்சாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் முன்னின்று திருத்திய வடிவம் 2007 பிப்ரவரி முதல் அமெரிக்காவில் பயன்பாட்டில் உள்ளது. இதில் இஎஃப்-0 மணிக்கு 105 கி.மீ.யில் தொடங்குகிறது, இஎஃப்-5 என்பது 322 கி.மீ.க்கு மேற்பட்டது.

மதிப்பிடும் முறை

வீடு, பள்ளி, நடமாடும் வீடு, மின்கம்பம், மரம் என 28 சேதக் குறிகாட்டிகள் வகுக்கப்பட்டுள்ளன. ஒவ்வொன்றுக்கும் சேதப் படிநிலைகள் உண்டு. சாதாரண மரச்சட்ட வீட்டை எடுத்துக்கொள்வோம். சன்னல் கண்ணாடி உடைந்திருந்தால் எதிர்பார்க்கப்படும் வேகம் சுமார் 155 கி.மீ. கூரையின் பெரும்பகுதி பறந்து சுவர்கள் நின்றால் 196. எல்லாச் சுவர்களும் விழுந்தால் 274. வீடே பெயர்த்தெறியப்பட்டு வெறும் தளம் மட்டும் எஞ்சினால் 322. ஆனால் கட்டுமானம் மட்டமாக இருந்திருந்தால் இந்தக் கடைசி நிலைக்கும் 266 கி.மீ. போதும், சிறப்பாகக் கட்டப்பட்டிருந்தால் 354 வரை கொடுக்கலாம்.

ஆகவே ஆய்வாளர்கள் முதலில் தேடுவது அடித்தளத்தில் சுவரைப் பிணைக்கும் நங்கூர ஆணிகளை. சுவர் ஆணியடித்து மட்டும் நிறுத்தப்பட்டிருந்தால், தரைமட்டமான வீடும் இஎஃப்-5 ஆகாது. ஒருவகையில் இந்த அளவுகோல் அந்த ஊரின் கட்டுமானத் தரத்தையும் சேர்த்தே மதிப்பிடுகிறது. காற்று ஓரிடத்தில் எவ்வளவு நேரம் நின்றது என்பதும் கணக்கைக் குழப்பும். 1997-இல் டெக்சாஸின் ஜாரெல் பகுதியில் மெதுவாக நகர்ந்த டொர்னாடோ இதற்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு.

ஒரே மாதம், இரண்டு டொர்னாடோக்கள்

2013 மே 20-இல் ஓக்லஹோமா மாநிலத்தின் மூர் நகரை ஒரு டொர்னாடோ தாக்கியது. இரண்டு தொடக்கப் பள்ளிகள் இடிந்தன. குழந்தைகள் உட்பட 24 பேர் இறந்தனர். அது இஎஃப்-5 என வகைப்படுத்தப்பட்டது. பதினொரு நாட்களுக்குப் பின், அதே மாநிலத்தில் எல் ரெனோ அருகே இன்னொன்று தோன்றியது. அதன் அகலம் 4.2 கி.மீ.; அமெரிக்காவில் பதிவானவற்றுள் மிக அகலமானது இதுவே. வாகனத்தில் பொருத்திய ரேடார் அதனுள் மணிக்கு 480 கி.மீ.யை ஒட்டிய வேகத்தைக் கண்டது. புயலை ஆய்வு செய்யச் சென்ற மூவர் உட்பட எட்டுப் பேர் உயிரிழந்தனர். ஆனால் அது சென்ற வழி பெரும்பாலும் வயல்வெளி. ஒரு கட்டத்தில் இஎஃப்-5 என அறிவிக்கப்பட்டது, பின்னர் கிடைத்த சேதச் சான்றின்படி இஎஃப்-3 ஆகக் குறைக்கப்பட்டது.

விதிப்படி இது சரியே. ரேடார் பார்த்த சில புயல்களுக்கு ஒரு முறை, பாராத ஆயிரக்கணக்கானவற்றுக்கு வேறு முறை என்றால் பல பத்தாண்டுப் பதிவுகளை ஒப்பிட முடியாமல் போகும். ஆயினும் 'இஎஃப்-3 தானே' என்று எல் ரெனோவை எண்ணுவது ஆபத்தான பிழை. மூருக்குப் பின் பன்னிரண்டு ஆண்டுகள் எந்த டொர்னாடோவுக்கும் இஎஃப்-5 தரப்படவில்லை. 2025 ஜூன் 20-இல் வடக்கு டகோட்டாவின் எண்டர்லின் அருகே வீசியதற்கே அடுத்து அது கிடைத்தது. அங்கே தீர்ப்பைத் தந்தவை வீடுகளல்ல, தூக்கியெறியப்பட்ட சரக்கு ரயில் பெட்டிகள். இவை 28 குறிகாட்டிகளின் பட்டியலில் இல்லாதவை.

கனடா 2013 முதல் தனக்கேற்ற மாற்றங்களுடன் இதே முறையைப் பின்பற்றுகிறது. புஜித்தாவின் தாய்நாடான ஜப்பான் 2016 முதல் பயன்படுத்தும் தன் பட்டியலை வகுத்தபோது, தன் தெருக்களில் எங்கும் காணப்படும் தானியங்கி விற்பனைப் பெட்டிகளையும், கல்லறைக் கற்களையும் குறிகாட்டிகளாகச் சேர்த்துக்கொண்டது.