போர்க்களம் துறந்த வண்டிகள்

யானை இருந்தாலும் ஆயிரம் பொன். இறந்தாலும் ஆயிரம் பொன் என்பது பழமொழி. போருக்கென்று செய்யப்பெற்ற வண்டிகளுக்கும் இஃது ஒருவகையிற் பொருந்தும். போர் நடக்கும்போது அவற்றின் பயன் யாவரும் அறிந்ததே. போர் ஓய்ந்தபின் அவை என்னவாயின என்பதைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

1945ஆம் ஆண்டில் இரண்டாம் உலகப்போர் முடிவுற்றது. படைகள் கலைந்தன, வீரர்கள் வீடு திரும்பினர். அவர்கள் ஏறிச்சென்ற வண்டிகளோ, ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் ஆயிரக்கணக்கில் எஞ்சி நின்றன. அவற்றையெல்லாம் கடல் கடந்து கொண்டு செல்வது பெருஞ்செலவு. ஆதலின், அவற்றுட் பல தேவைக்கு மிஞ்சிய பொருள்களாகக் கருதப்பெற்று விற்கப்பட்டன. சில உருக்குலையில் இடப்பட்டன. சில உழவர்களிடமும் வணிகர்களிடமும் சென்று சேர்ந்தன.

அவ்வண்டிகளுள் பெரும்புகழ் பெற்றது ஜீப்பு. 1940ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், மேடுபள்ளங்களிலும் விரைந்து செல்லவல்ல சிறு வண்டி ஒன்றைச் செய்து தருமாறு அமெரிக்கத் தரைப்படை 135 நிறுவனங்களைக் கேட்டது. பாண்டம் என்னும் சிறு நிறுவனம், அவ்வாண்டு செப்டம்பரிலேயே முதல் மாதிரியைச் செய்தளித்தது. பின்னர் வில்லிஸ், போர்டு என்னும் இரு நிறுவனங்களும் சேர்ந்து, போர் முடிவதற்குள் 6 இலட்சத்திற்கு மேற்பட்ட ஜீப்புகளை உருவாக்கின.

ஜீப்பின் எஞ்சின் ஏறத்தாழ 60 குதிரைத்திறன் உடையது. நல்ல பாதையில் அதன் ஆற்றல் பின் சக்கரங்களுக்கு மட்டும் செல்லும். சேற்றிலோ மணலிலோ வண்டி சிக்கினால், ஓட்டுபவர் ஒரு நெம்புகோலைத் தள்ளுவார். உடனே முன் சக்கரங்களும் எஞ்சினால் சுழலத் தொடங்கும். நான்கு சக்கரங்களும் நிலத்தைப் பற்றி இழுப்பதால், பிற வண்டிகள் நின்றுவிடும் இடத்தையும் அது கடந்து செல்லும். தளபதிகளைச் சுமந்த அவ்வண்டியே காயமுற்றவர்களையும் கட்டிலோடு சுமந்து சென்றது.

போர் முடிந்தபின் ஜீப்பு மக்களின் தோழனாயிற்று. பிலிப்பைன்சு மக்கள், அமெரிக்கப்படை விட்டுச்சென்ற ஜீப்புகளை நீட்டி, கூரை வேய்ந்து, இருபுறமும் நீண்ட இருக்கைகள் அமைத்துப் பல வண்ணங்கள் தீட்டினர். ஜீப்னி என்னும் பயணிகள் வண்டி இவ்வாறு பிறந்தது. இங்கிலாந்தில் ரோவர் நிறுவனத்தைச் சேர்ந்த மாரிசு வில்க்சு என்பவர், தம் பண்ணையில் பழைய ஜீப்பு ஒன்றைப் பயன்படுத்தி வந்தார். அதன் பயனைக் கண்டு, அதனினும் உழவுக்கு ஏற்ற வண்டி ஒன்றை ஆக்க எண்ணினார். அவ்வெண்ணமே 1948இல் லாண்டுரோவராக வெளிவந்தது.

இவ்வாறு உழைத்து உழைத்துப் பெரும்பாலான ஜீப்புகள் தேய்ந்தன. கொட்டகைகளின் மூலையில் துருவேறிக் கிடந்த சிலவற்றைத் தேடி எடுத்துப் புதுப்பிக்கும் ஆர்வலர்கள் பின்னாளிற் பல நாடுகளில் தோன்றினர். அமெரிக்காவில் 1976இல் அவர்களுக்கெனச் சங்கம் ஒன்றும் அமைந்தது.

புதுப்பித்தல் எளிய பணியன்று. முதலில் வண்டியை முற்றிலும் கழற்றி, ஒவ்வோர் உறுப்பிற்கும் அடையாளச் சீட்டுக் கட்டவேண்டும். துருவைச் சுரண்டி, அரித்த தகட்டை வெட்டியெறிந்து, புதுத் தகட்டைப் பற்றவைக்க வேண்டும். எஞ்சினைப் பிரித்துத் தேய்ந்தவற்றை மாற்றவேண்டும். பிரேக்குகளில் சிறு குறையும் இருத்தலாகாது. ஏனெனில் அவ்வண்டி மக்கள் நடமாடும் சாலையில் ஓடவேண்டியது.

இவற்றினும் அரியது உண்மையைக் காத்தல். ஜீப்பின் மேற்பூச்சை மெல்ல மெல்லத் தேய்த்துக்கொண்டு போனால், அடியில் படை இட்ட பழைய எண் தென்படுவதுண்டு. போர்டு நிறுவனம் தான் செய்த உறுப்புகளிலும் திருகாணிகளிலும் தன் பெயரின் முதலெழுத்தைப் பொறித்திருந்தது. ஆதலின் எந்த உறுப்பு எங்கே பிறந்தது என்பதைத் திருகாணியும் சொல்லும். அவசரக்காரர் ஒருவர் தேய்க்கும் பொறியால் பூச்சு முழுவதையும் ஒரு நாழிகையில் நீக்கிப் பளபளப்பான வண்ணம் பூசிவிடலாம். வண்டி அழகு பெறும். ஆனால் அதன் வரலாறு தூளாகிக் காற்றிற் பறந்துவிடும். மீண்டும் அதனைப் பெற வழியில்லை. பழுதைப் போக்குவது வேறு. பழமையைப் போக்குவது வேறு. இவ்வேறுபாட்டை அறிந்தவரே நல்ல புதுப்பிப்பாளர்.

புதுப்பித்த வண்டியை ஓட்டுவதற்கும் பொறுமை வேண்டும். இக்காலக் கார்களைப்போல் அது விரலசைவுக்கு வளையாது. முதற்கியருக்கு மாற்றும்போது ஓட்டுபவர் வேகம் அறிந்து மாற்றாவிடில் பற்சக்கரங்கள் உரசி முழங்கும். முன்செல்லும் வண்டிக்குப் போதிய இடைவெளி விட்டு, மெதுவாகவே செல்லவேண்டும்.

1944ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் நாள், நேசநாட்டுப் படைகள் பிரான்சு நாட்டின் நார்மண்டிக் கடற்கரையில் இறங்கின. ஜீப்புகள் கப்பல்களில் வந்தன. சில, எஞ்சினில்லா விமானங்களின் வயிற்றிலும் வந்து இறங்கின. ஆண்டுதோறும் அந்நாளையொட்டி, புதுப்பித்த வண்டிகளுடன் ஆர்வலர்கள் அங்கே கூடுகின்றனர். அப்போரிற் பங்குகொண்ட முதியோர் பலர் அவ்வண்டிகளில் அமர்ந்து, மாண்ட நண்பர்களின் கல்லறைகளுக்குச் சென்று வணங்கியதுண்டு. அம்முதியோரின் எண்ணிக்கை ஆண்டுதோறும் குறைந்து வருகிறது. அவர்கள் அனைவரும் மறைந்தபின், அந்நாளைக் கண்டவையாக எஞ்சுவன இத்தகைய பொருள்களே.

ஆகவே இவ்வண்டிகளைப் பேணுவது போரைப் புகழ்வதற்கன்று. உயர்ந்த அறிவும் கடும் உழைப்பும் அழிவுக்குப் பயன்பட்ட காலம் ஒன்றிருந்தது என்பதை அவை நினைவூட்டுகின்றன. அதே எஞ்சின் வயலிலும் வீதியிலும் மக்களுக்கு உழைத்ததையும் அவை காட்டுகின்றன. கருவி தானே நன்மையும் செய்வதில்லை, தீமையும் செய்வதில்லை. அதனைச் செலுத்தும் கையே இரண்டிற்கும் பொறுப்பாகும்.