சாம்பாரில் ஒளிந்திருக்கும் கோதுமை!

“குழந்தைக்கு சீலியாக் நோய். இனி கோதுமையே கூடாது” என்று டாக்டர் சொன்னதும், மதுரைக்காரர்களுக்கு முதலில் நினைவு வருவது பரோட்டாதான். “அதை நிறுத்திட்டா போச்சு. நாமதான் இட்லி, சோறுன்னு சாப்பிடுறவங்களாச்சே!” என்பார் பாட்டி.

பாதி நிஜம்தான். 2016-ல் வெளியான ஆய்வில், வட இந்தியாவில் நூற்றில் ஒருவருக்கு மேல் இருந்த இந்நோய், வேலூர்ப் பக்கம் ஆயிரத்தில் ஒருவருக்குத்தான் இருந்தது. நாம் கோதுமை குறைவாகச் சாப்பிடுவது ஒரு காரணமாம்.

சரி, பெருங்காயம்? கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதாவோ கோதுமை மாவோ கலந்திருக்கும். சாம்பார், ரசம், ஊறுகாய் என்று தினமும் துளித்துளியாகக் குளூட்டன் உள்ளே போனால், சிதைந்த சிறுகுடல் ஆறவே ஆறாது. அரிசி மாவு கலந்ததும் கிடைக்கிறது. டப்பாவைத் திருப்பிப் படியுங்கள். சப்பாத்தி சுட்ட கல்லில் அவனுக்குத் தோசை வார்க்காதீர்கள், தனிக்கல் வேண்டும். மால்ட் பானங்களும் கூடாது. அதில் இருப்பது பார்லி.

ஓயாத வயிற்றுப்போக்கு, ஏறாத எடை, மாத்திரைக்கும் அசையாத ரத்தசோகை... சந்தேகமா? நீங்களாகவே கோதுமையை நிறுத்திவிட்டு ரத்தப் பரிசோதனைக்குப் போகாதீர்கள். நோய் பிடிபடாமலே போகலாம்.

சித்திரைத் திருவிழாவுக்கு வரும் சொந்தங்களிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். “ஒரே ஒரு பிஸ்கட்தானே!” என்று ஊட்டிவிடுவது பெரும்பாலும் பாசக்கார அத்தைதான்.