பூவைத் திறப்பதும் சிட்டு. விதையை நடுவதும் சிட்டு!

வெள்ளகோவில் பக்கம் வேப்பமரம் இல்லாத தோட்டம் குறைவு. வீட்டு வாசலில் வேம்பு நிற்கும். கொறங்காட்டு வேலி ஓரத்திலும் வேம்பு நிற்கும். மழை குறைந்த பூமி இது. ஆட்டுக்கும் மாட்டுக்கும் ஆளுக்கும் நிழல் தருவது அந்த மரம்தான்.

அந்த மரத்தை அண்ணாந்து பார்த்தால், சில கிளைகளில் மட்டும் வேறு ஜாதி இலை தெரியும். வேப்ப இலையின் ஓரம் பல் பல்லாக இருக்கும். இந்த இலையோ தடித்து, ஓரம் வழவழப்பாக இருக்கும். நீண்ட பூக்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கும்.

அதுதான் புல்லுருவி!

புல்லுருவி தரையில் முளைப்பது இல்லை. யாரும் மரம் ஏறி அதை நட்டதும் இல்லை. பிறகு அவ்வளவு உயரத்துக்கு அது எப்படிப் போனது?

ஒரு சின்னஞ்சிறு குருவிதான் அதைக் கொண்டுபோய் நட்டது!

தண்ணீர்த் திருடன்

புல்லுருவிக்கு மண்ணில் வேர் கிடையாது. மரத்தின் பட்டையைத் துளைத்து உள்ளே போகும். மரம் பூமியில் இருந்து உறிஞ்சிய தண்ணீரையும் உப்புச் சத்தையும் தான் எடுத்துக்கொள்ளும். அதன் இலை பச்சை. ஆகையால் வெயிலைக் கொண்டு உணவைத் தானே சமைத்துக்கொள்ளும். திருடுவது முக்கியமாகத் தண்ணீரைத்தான்.

வேம்பு மட்டும் அல்ல, மாமரத்திலும் அது வளரும். 300-க்கு மேற்பட்ட வகை மரம் செடிகளில் இது ஒட்டி வளர்வதைக் கண்டிருக்கிறார்கள். புல்லுருவி பெருத்தால், அதற்கு அப்பால் உள்ள கிளை காயும். மரம் முழுவதும் பரவிவிட்டால், மரமே பட்டுப்போகவும் கூடும்.

கட்டை விரல் குருவி

புல்லுருவியை நடும் குருவிக்குப் பூங்கொத்தி என்று பெயர். நம் நாட்டின் மிகச் சிறிய பறவைகளில் இது ஒன்று. நீளம் சுமார் 8 சென்டிமீட்டர்தான். பெரிய மனிதரின் கட்டை விரலைவிடச் சற்றே பெரியது. நிறமும் மங்கல். "டிக் டிக்" என்ற சத்தத்தைக் கேட்டுத்தான் அது இருப்பதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

புல்லுருவிப் பழம் என்றால் இதற்கு உயிர். பழத்தை விழுங்கும். சில நிமிடங்களில் விதை வெளியே வந்துவிடும். விதையைச் சுற்றிப் பசை இருக்கும். அது குருவியின் உடம்பிலேயே ஒட்டிக்கொள்ளும். அதை உதற, குருவி தன் பின்பக்கத்தைக் கிளையில் தேய்க்கும்.

விதை கிளையில் ஒட்டிக்கொள்ளும். முளைக்கும். பட்டையைத் துளைக்கும். நடவு முடிந்தது!

சாலிம் அலி கண்டது

இந்தக் குருவிக்கும் செடிக்கும் உள்ள உறவை நம் நாட்டில் கூர்ந்து கவனித்தவர், பறவை நிபுணர் சாலிம் அலி (1896-1987). மும்பைக்குத் தெற்கே கொங்கணக் கரையில் புல்லுருவியையும் அதை நாடி வரும் பறவைகளையும் பார்த்து, 1931-ல் ஒரு கட்டுரை எழுதினார். பூவை நாடும் பறவைகள், பறவையை நாடும் பூக்கள் பற்றி 1932-ல் இன்னொரு பெரிய கட்டுரை எழுதினார். கோவையை அடுத்த ஆனைகட்டியில் 1990-ல் தொடங்கிய பறவை ஆராய்ச்சி நிலையத்துக்கு அவர் பெயர்தான் வைக்கப்பட்டிருக்கிறது.

அவர் கண்ட அதிசயம் இது: புல்லுருவியின் முதிர்ந்த மொட்டு, பறவையின் அலகுக்காகக் காத்திருக்கும். தேன்சிட்டோ பூங்கொத்தியோ வந்து அலகால் மொட்டை அழுத்தும். மொட்டு "பட்" என்று வெடித்துத் திறக்கும். உள்ளே இருக்கும் மகரந்தம் குருவியின் முகத்தில் தெறிக்கும். குருவி தேனைக் குடித்துவிட்டு அடுத்த பூவுக்குப் போகும். அங்கே மகரந்தம் ஒட்டும். காய் பிடிக்கும்.

குருவிக்குக் கிடைப்பது தேன். செடிக்குக் கிடைப்பது பிள்ளைக் குட்டி!

நீலகிரியில் ஆராய்ச்சி

சாலிம் அலியிடம் ஆராய்ச்சி மாணவியாக இருந்தவர் பிரியா டேவிதார். பின்னாளில் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். நீலகிரி மலையில் உள்ள புல்லுருவிகளை அவர் ஆராய்ந்தார்.

அங்கே பல வகைப் புல்லுருவிகள் உண்டு. அவற்றின் பூக்களை அவர் கவனித்தார். சிலவற்றுக்குப் பெரிய, நீண்ட பூ. வேறு சிலவற்றுக்குச் சின்னப் பூ. நீண்ட பூவைத் தேடி வந்தது தேன்சிட்டு. வளைந்த நீண்ட அலகு அதற்குத்தானே இருக்கிறது! சின்னப் பூவைத் தேடி வந்தது குட்டை அலகு உள்ள பூங்கொத்தி.

பழம் தின்று விதை பரப்பியது யார்? இரண்டு வகைக்கும் பூங்கொத்திதான்!

பூவா? பழமா?

இங்கேதான் ஒரு விந்தை வெளிப்பட்டது. பூங்கொத்தியை நம்பி இருக்கும் புல்லுருவிகளில், முதிர்ந்த மொட்டும் பழுத்த பழமும் பார்வைக்கு ஒன்று போலவே இருந்தன. பூக்கும் காலமும் பழுக்கும் காலமும் கலந்தே வந்தன.

காரணம் என்ன? குருவி பழம் தேடி வருகிறது. பழம் போலவே இருக்கும் மொட்டையும் கொத்துகிறது. மொட்டு திறக்கிறது. மகரந்தம் ஒட்டுகிறது. பக்கத்திலேயே பழமும் இருக்கிறது. அதையும் தின்கிறது. ஒரே குருவியைக் கொண்டு இரண்டு வேலையையும் முடித்துக்கொள்கிறது செடி!

இதை அவர் 1983-ல் வெளியிட்டார். பூவுக்குத் தரகரும் விதைக்கு வண்டிக்காரரும் ஒருவரே என்பது செடி உலகில் அதிகம் காணாத ஏற்பாடு. அந்த ஒரு குருவி இல்லாமல் போனால், செடிக்கு இரண்டு கையும் ஒடிந்த மாதிரி.

குருவி குற்றவாளியா?

"அப்படியானால் குருவியை விரட்டினால் போதுமே! புல்லுருவி ஒழிந்துவிடுமே!" என்று தோன்றலாம்.

அது தவறு. பூங்கொத்தியும் தேன்சிட்டும் புல்லுருவிக்கு மட்டும் வேலை செய்யவில்லை. முள்முருங்கை, இலவம் போன்ற மரங்களின் சிவப்புப் பூக்களைத் தேடியும் பறவைகள் வருகின்றன. தேன்சிட்டு தன் குஞ்சுக்கு ஊட்டுவது பூச்சியும் சிலந்தியும்.

வெள்ளகோவில் முருங்கைக்குப் பேர்போன ஊர். முருங்கைப் பூவிலும் தேன்சிட்டு தேன் குடிக்கும். ஆனால் அங்கே மகரந்தம் சேர்க்கும் வேலையில் பெரும் பங்கு, மரத்தைத் துளைத்துக் கூடு கட்டும் பெரிய கருவண்டுக்கே உரியது. ஆந்திராவில் நடந்த ஆராய்ச்சி 1990-ல் இதைத் தெரிவித்தது. பூத்திருக்கும்போது பூச்சி மருந்து அடித்தால், அந்த வண்டும் சாகும். காய்ப்பும் குறையும்.

ஆஸ்திரேலியா சொல்லும் பாடம்

புல்லுருவியை அடியோடு ஒழித்தால் என்ன ஆகும்? ஆஸ்திரேலியாவில் டேவிட் வாட்சன் என்ற நிபுணரும் அவருடைய தோழரும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். சில காட்டுத் துண்டுகளில் புல்லுருவி முழுவதையும் வெட்டி எடுத்தார்கள். மற்றவற்றை அப்படியே விட்டார்கள். மூன்று ஆண்டுகள் காத்திருந்தார்கள்.

வெட்டிய காடுகளில், பறவை வகைகளில் 5-ல் ஒரு பங்கு காணாமல் போய்விட்டது! விட்டுவைத்த காடுகளில் பறவை வகை கொஞ்சம் கூடியே இருந்தது. 2012-ல் இந்த முடிவு வெளியாயிற்று.

நம் ஊர்ப் புல்லுருவிக்கும் விருந்தாளிகள் உண்டு. மஞ்சள் இறக்கையில் சிவப்புப் பொட்டு வைத்த ஒரு வண்ணத்துப்பூச்சி, இதன் இலையில்தான் முட்டையிடும். புழு அந்த இலையைத் தின்றே வளரும்.

தோட்டக்காரர் என்ன செய்யலாம்?

வறண்ட பூமியில் ஒரு வேப்பமரம் சொத்து. அதைக் காப்பாற்றத்தான் வேண்டும். வழி இதுதான்:

மரத்தைப் பார்த்து வாருங்கள். புல்லுருவி சிறிதாக இருக்கும்போதே, பழம் பழுப்பதற்கு முன்பே வெட்டுங்கள்.

இலையை மட்டும் கிள்ளினால் பயன் இல்லை. மீண்டும் துளிர்க்கும். ஒட்டிய இடத்தில் இருந்து அடிமரத்துப் பக்கம் ஓர் அடி தள்ளி, கிளையோடு வெட்ட வேண்டும்.

மரத்துக்குப் பாரம் ஆனதை வெட்டுங்கள். யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல், திடமான மரத்தில் ஒன்றிரண்டு இருந்தால் விட்டுவிடுங்கள்.

அரிவாள் கிளையில் விழட்டும். கவண் கல் குருவி மேல் விழ வேண்டாம்!