வேரைக் காட்டினால் பெயர் தெரியுமா?

உசில மரத்தின் பெயராலேயே எங்கள் ஊர் உசிலம்பட்டி ஆயிற்று என்று பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அம்மரத்தின் இலையைக் காயவைத்து இடித்தால் கிடைப்பதே எண்ணெய்க் குளியலுக்கு நாம் தேய்க்கும் அரப்புத்தூள். ஆகவே இவ்வாண்டு அறிவியல் கண்காட்சிக்காக ஊரைச் சுற்றியுள்ள மரஞ்செடிகளை அழுத்திக் காயவைத்து, தாளில் ஒட்டி, பெயரெழுதி வைப்பது என்று எங்கள் வகுப்பு தீர்மானித்தபோது, முதல் தாளில் உசிலையையே ஒட்டினோம். அடுத்த தாள் கருவேலம். அதற்கடுத்தது சீமைக் கருவேலம். அதைத் தேட வேண்டிய தேவையே இல்லை. கண்மாய்க்குள் இறங்கினால் பாவாடையைப் பிடித்து இழுத்து, "நான் இங்கே இருக்கிறேன்" என்று அதுவே சொல்லிவிடும்!

நூலகத்திலிருந்த பழைய தாவரவியல் புத்தகம் ஒன்றைப் பார்த்து, கருவேலத்தின் கீழே 'அக்கேசியா நிலோட்டிக்கா' என்று அழகாக எழுதினோம். கண்காட்சியைப் பார்க்க வந்த கல்லூரி விரிவுரையாளர் ஒருவர், "தாள் அருமையாக இருக்கிறது. ஆனால் இந்த மரம் இப்போது அக்கேசியா இல்லையே, அம்மா!" என்றார். எங்கள் முகம் வாடிவிட்டது. மரம் அதே மரம், முள்ளும் அதே முள். பெயர் மட்டும் எப்படி மாறும்? அதை அறிய முயன்றதன் பயனே இக்கட்டுரை.

செடிகளைக் கண்ணால் பார்த்து வகைப்படுத்துவதே நெடுங்கால வழக்கம். சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1753-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், பூவிலுள்ள மகரந்தத் தாள்களை எண்ணியே செடிகளைப் பிரித்தார். பின்வந்தோர் இலை, காய், விதை எனப் பலவற்றையும் சேர்த்துப் பார்த்தனர். கருவேலம் போல் உருண்டைப் பூங்கொத்தில் கணக்கற்ற மகரந்தத் தாள்கள் சிலிர்த்து நிற்கும் மரங்களையெல்லாம் அக்கேசியா என்ற ஒரே பேரினத்தில் சேர்த்தார்கள். உலகெங்கும் 1,300-க்கு மேற்பட்ட இனங்கள் அந்தப் பெயரைத் தாங்கி நின்றன. எங்கள் வீட்டுச் சீயக்காயும் அவற்றுள் ஒன்று.

ஆனால் முகச் சாயலைக் கொண்டு மட்டும் உறவைச் சொல்லிவிட முடியுமா? எங்கள் வகுப்பில் இருவரைப் பார்ப்போரெல்லாம் அக்காள் தங்கை என்பார்கள். இருவருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. உடன்பிறந்தவர்கள் முகம் சற்றும் ஒத்துப்போகாத வீடுகளும் உண்டு. செடிகளிலும் அப்படித்தான் என்பதை டி.என்.ஏ. காட்டிக்கொடுத்தது.

டி.என்.ஏ. என்பது உயிரணு ஒவ்வொன்றிலும் இருக்கும் நூல் போன்ற பொருள். அடினின், தைமின், குவானின், சைட்டோசின் என்னும் நான்கு கூறுகள் அந்நூலில் மாறி மாறி வரிசையாக அமைந்திருக்கின்றன. நான்கே எழுத்துகளால் எழுதப்பட்ட மிக நீண்ட சுவடி என்று வைத்துக்கொள்ளலாம். (வாழைப்பழத்தை உப்பும் சோப்புக் கரைசலும் இட்டுக் கரைத்து, வடிகட்டி, மேலே குளிர்ந்த ஸ்பிரிட் ஊற்றி, எங்கள் ஆய்வகத்தில் டி.என்.ஏ.யைப் பிரித்துப் பார்த்தோம். எழுத்து ஒன்றும் தெரியவில்லை. பஞ்சைப் பிய்த்துப் போட்டதுபோல் வெண்மையாக மிதந்தது. அவ்வளவுதான்!) எழுத்து வரிசையைப் படிக்கும் சிறந்த முறை ஒன்றை இங்கிலாந்தின் பிரடெரிக் சாங்கர் 1977-ஆம் ஆண்டில் வெளியிட்டார். 1980-இல் அதற்காக அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது.

வரிசையைப் படித்துவிட்டால் உறவு எப்படித் தெரியும்? தமிழ்த் தாத்தா உ. வே. சாமிநாதையர் ஒரு நூலைப் பதிப்பிக்குமுன் ஊர் ஊராகச் சென்று அதன் ஏடுகள் பலவற்றைத் தேடி ஒப்பிட்டுப் பார்த்தார் என்று தமிழ் வகுப்பில் படித்தோம். ஏட்டைப் பார்த்து ஏடு எழுதுகிறவர் ஓரிடத்தில் கைதவறி ஓரெழுத்தை மாற்றிவிட்டால், அந்த ஏட்டைப் பார்த்து எழுதும் அடுத்த ஏடுகளிலும் அப்பிழை தொடரும். எனவே ஒரே பிழை காணப்படும் இரண்டு ஏடுகள் ஒரே மூல ஏட்டிலிருந்து பிறந்தவை என்று ஊகிக்கலாம். டி.என்.ஏ.யும் தலைமுறை தலைமுறையாகப் படியெடுக்கப்படுவதே. எப்போதோ ஒருமுறை ஓரெழுத்து மாறுகிறது. அந்த மாற்றம் வழித்தோன்றல்களுக்கெல்லாம் செல்கிறது. எந்தெந்தச் செடிகளில் எந்தெந்த மாற்றங்கள் பொதுவாக உள்ளன என்று கணினியின் துணையால் ஒப்பிட்டால், கொடிவழியே வரைந்துவிடலாம்.

அவ்வாறு வரைந்தபோது பழைய அக்கேசியா ஒரே குடும்பமாக நிற்கவில்லை. பல கிளைகளாகப் பிரிந்து விழுந்தது. ஆஸ்திரேலியாவில் வளரும் ஏறத்தாழ ஆயிரம் இனங்கள் ஒரு கிளை. நம் கருவேலமும் குடைவேலமும் வேறொரு கிளை. சீயக்காய் மூன்றாவது கிளை. இவற்றுள் யாருக்கு அக்கேசியா என்ற பெயர் என்பதில் பெரிய வழக்கே நடந்தது. அந்தப் பெயருக்கு முதல் அடையாளமாக இருந்தது, நைல் நதியின் பெயரைத் தாங்கிய நம் கருவேலந்தான். ஆயினும் 2005-இல் வியன்னாவில் கூடிய தாவரவியல் மாநாடு பெயரை ஆஸ்திரேலிய மரங்களுக்குக் கொடுத்தது; 2011-இல் மெல்போர்ன் மாநாடும் அதையே உறுதி செய்தது. ஆயிரம் மரங்களுக்குப் பெயர் மாற்றுவதைவிட நூற்றுச் சொச்சம் மரங்களுக்கு மாற்றுவது எளிது என்பது அவர்கள் சொன்ன நியாயம். எங்களுக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை. சொந்த வீட்டிலிருந்து மூத்தவளை வெளியேற்றியது போலத்தான் இருக்கிறது. எப்படியாயினும், கருவேலம் இன்று வாச்செலியா நிலோட்டிக்கா, சீயக்காய் செனகாலியா.

சீமைக் கருவேலத்தின் கதையும் சுவையானது. பெயரில் கருவேலம் இருந்தாலும் அது கருவேலத்தோடு சேர்ந்ததன்று. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த அம்மரத்தையும், கோயில்களில் தல மரமாக விளங்கும் நம் வன்னியையும் புரோசோபிஸ் என்ற ஒரே பேரினத்தில்தான் வைத்திருந்தார்கள். டி.என்.ஏ. ஆய்வின் பின், 2022-இல் இரண்டையும் பிரித்துவிட்டனர். வன்னி புரோசோபிஸாகவே நீடிக்கிறது. சீமைக் கருவேலம் நெல்டூமா ஆகிவிட்டது. உசிலை மட்டும் எந்த மாற்றமுமின்றி இன்றும் அல்பீசியா அமாரா. ஊர்ப்பெயர் தந்த மரமல்லவா, அசையவில்லை!

காளான்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மழைக்குப் பின் கறையான் புற்றில் முளைக்கும் காளானை நாம் சமைத்து உண்கிறோம். முற்காலத்தில் பூஞ்சைகளைத் தாவரங்களோடு சேர்த்தே படித்தார்கள். 1993-இல் வெளிவந்த டி.என்.ஏ. ஆய்வுகள், பூஞ்சைகள் தாவரங்களைவிட விலங்குகளுக்கே நெருங்கியவை என்று காட்டின. ஆகவே புற்றுக்காளானுக்கு வேப்பமரத்தைவிட நாமே நெருங்கிய சொந்தம்! பூஞ்சைகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. காளான் குடைவிரிப்பது சில நாட்களே. மற்ற நாட்களில் அது மண்ணிலோ மரத்திலோ புற்றுக்குள்ளோ வெறும் வெண்ணிற இழையாகக் கிடக்கும். இழையைப் பார்த்து இனத்தைச் சொல்வது எப்படி? டி.என்.ஏ.யில் ஐ.டி.எஸ். என்னும் சிறு பகுதியைப் படித்தால் பெரும்பாலும் சொல்லிவிடலாம் என்று கண்டு, 2012-இல் அப்பகுதியையே பூஞ்சைகளுக்குப் பொது அடையாளமாக முன்மொழிந்தார்கள்.

பெயர் எப்படி இருந்தால் யாருக்கு என்ன நட்டம் என்று சிலர் கேட்கலாம். நாங்களும் அப்படித்தான் எண்ணியிருந்தோம், எங்களுள் ஒருத்தியின் பாட்டி குடிக்கும் கஷாயத்தைப் பற்றி யோசிக்கும் வரை. மூட்டுவலிக்காக அவர் நாட்டு மருந்துக் கடையில் நிலத்துத்தி வேர் வாங்கிக் காய்ச்சிக் குடிப்பார். ஆயுர்வேதத்தில் இச்செடிக்கு 'பலா' என்று பெயர். (பலாப்பழத்திற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) தாவரவியலில் இது சைடா கார்டிஃபோலியா. பாட்டிக்கு இரத்த அழுத்தமும் உண்டு.

சென்னைக்கு அருகே காட்டாங்கொளத்தூரில் உள்ள எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பரணி குழுவினர், சந்தையில் இந்தப் பெயரில் விற்கும் சரக்குகளை வாங்கி டி.என்.ஏ.யைப் படித்தார்கள். 2015-இல் வெளிவந்த அவர்களுடைய முடிவைக் கேட்டு நாங்கள் திடுக்கிட்டோம். வாங்கிய மாதிரிகளில் ஒன்றுகூட உண்மையான நிலத்துத்தி இல்லை! நூற்றுக்கு 76 பங்கு அதே சைடா பேரினத்தின் வேறு செடிகள். அதிலும் 36 பங்கு சைடா அக்யூட்டா, அதாவது மலைதாங்கி. மீதி 24 பங்கு பிற பேரினங்கள். நம் வயல்களில் உரத்துக்கு மடக்கி உழும் கொழிஞ்சியின் பேரினமும் அவற்றுள் இருந்தது. மலைதாங்கியில் எபெட்ரின் என்னும் பொருள் நிலத்துத்தி வேரில் உள்ளதைப்போல் ஆறு மடங்கு இருக்கிறது என்றும் அவர்கள் எழுதியுள்ளனர். எபெட்ரின் நெஞ்சுத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் கூட்டக்கூடியது.

இதில் விற்கிறவரைக் குறை சொல்லிப் பயனில்லை என்றே நினைக்கிறோம். பாட்டியின் பொட்டலத்தை வகுப்புக்குக் கொண்டுவந்து எல்லோரும் மாற்றி மாற்றிப் பார்த்தோம். பழுப்பு நிறத்தில் குச்சி குச்சியாக இருந்தது. இலையும் பூவும் இல்லாத காய்ந்த குச்சிக்கு என்ன பெயர் சொல்ல முடியும்? அறிவியல் ஆசிரியையாகிய சிஸ்டரே கையை விரித்துவிட்டார்.

காய்ந்த வேரிலும் அரைத்த தூளிலும் டி.என்.ஏ. தங்கியிருக்கும். அதனால்தான் அந்த ஆய்வு முடிந்தது. ஆனால் இதில் முக்கியமான ஒன்றைக் கவனிக்க வேண்டும். டி.என்.ஏ. வரிசையில் செடியின் பெயர் எழுதியிருப்பதில்லை. நான்கெழுத்துகள்தாம் மாறி மாறி இருக்கும். பெயர் தெரிந்த செடியின் வரிசையோடு ஒப்பிட்டால்தான் பெயர் கிடைக்கும். ஆகவே பரணி குழுவினர் முதலில் 13 சைடா இனங்களைச் சேகரித்து, அவற்றின் வரிசைகளைப் படித்து வைத்துக்கொண்டு, அதன் பின்னரே சந்தைச் சரக்கைத் தொட்டார்கள். மேலும், இம்முறை எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடும் என்றும் எண்ணிவிடக் கூடாது. விலங்குகளுக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு பகுதியைப் படித்தால் போதும் என்று கனடாவின் பால் ஹீபர்ட் 2003-இல் காட்டினார். செடிகளில் அப்பகுதி மிக மெதுவாகவே மாறுவதால் பயன்படவில்லை. 2009-இல் உலக அறிஞர் குழு ஒன்று செடிகளுக்கென இரண்டு பகுதிகளைத் தேர்ந்தெடுத்தது. அவை இரண்டும் சேர்ந்தும் நூற்றுக்கு 72 முறைதான் இனத்தைச் சரியாகப் பிரித்துக் காட்டின.

அப்படியானால் செடியைக் கண்ணால் கண்டு, சரியான பெயரோடு காத்து வைக்கிறவர்கள் இன்றும் தேவைப்படுகிறார்கள். திருச்சி தூய வளனார் கல்லூரியில் இயேசு சபைக் குரு கே. எம். மேத்யூ அடிகளார் 1967-இல் ராபினாட் உலர்தாவரக் காப்பகத்தை நிறுவினார். தமிழகத்துச் சமவெளிகளிலும் குன்றுகளிலும் மாணவர்களோடு அலைந்து சேகரித்த செடிகளைக் கொண்டு 1983-இல் அவர் வெளியிட்ட தமிழ்நாடு கர்நாட்டிக் தாவர நூல் இன்றும் ஆய்வாளர்களின் கையில் இருக்கிறது. நமக்கு அருகிலுள்ள பழனி மலையின் தாவரங்களைப் பற்றியும் எழுதினார். 2004-இல் அவர் இறைவனடி சேர்ந்தார். அப்படிப்பட்ட காப்பகத்தில் ஒவ்வொரு தாளிலும் செடியும், பறித்த இடமும், நாளும், பறித்தவர் பெயரும் இருக்கும். காய்ந்த பழைய தாளிலிருந்து ஒரு துளி இலையைக் கிள்ளி டி.என்.ஏ. எடுக்கவும் முடிகிறதாம்.

ஒரு சனிக்கிழமை நாங்கள் நால்வர் அந்தப் பொட்டலத்துடன் பாட்டியிடமே போய், "இது நிலத்துத்திதானா பாட்டி?" என்று கேட்டோம். அவர் சிரித்துவிட்டார். "ஏ புள்ளைகளா, வெறும் வேரைக் காட்டி என்ன செடின்னு கேட்டா எவ சொல்லுவா? வாங்கடி, செடியைக் காட்டுறேன்" என்று தோட்டத்து வரப்புக்கு அழைத்துச் சென்றார். நெஞ்சு வடிவ இலை. தொட்டால் பூனைக்குட்டியின் காதுபோல் மெத்தென்றிருந்தது. சின்ன மஞ்சள் பூ. பத்தடி தள்ளி நின்ற இன்னொரு செடியைக் காட்டி, "இது மலைதாங்கி. பூவு ஒண்ணுதான். இலையைப் பாரு, ஒடுக்கமா இருக்கா?" என்றார். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி, பேராசிரியர் போல் இரண்டையும் பிரித்துச் சொன்னார்!

பொட்டலத்தில் இருப்பது எது என்பது இன்றும் எங்களுக்குத் தெரியாது. இரத்த அழுத்தத்துக்குப் பார்க்கும் டாக்டரிடம் காட்டிக் கேட்கும் வரை அதைக் காய்ச்ச வேண்டாம் என்று பாட்டியிடம் சொல்லி வந்திருக்கிறோம். "பார்ப்போம்" என்றிருக்கிறார். வரப்பிலிருந்து கொண்டுவந்த இரண்டு செடிகளையும் அழுத்திக் காயவைத்து, இடமும் நாளும் எழுதி ஒட்டியிருக்கிறோம். பறித்தவர் என்ற இடத்தில் பாட்டியின் பெயர் இருக்கிறது. கருவேலத்தின் தாளில் பழைய பெயரை அழிக்காமல், அதன் கீழே புதுப்பெயரையும் எழுதிவிட்டோம். மூன்று தாள்களும் ஆய்வகத்து அலமாரியின் இரண்டாம் தட்டில் உள்ளன.